அறுபத்தொன்றாம் எண் பெட்டி

செப்டம்பர் 4

பெட்டி அறைப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் மந்திரப் பள்ளியில் போன மாதம் சேர்ந்த மாணவி ஒருத்தியின் அம்மா எழுதுகிறேன். பெட்டி எண் அறுபத்தொன்று. செப்டம்பர் முதல் தேதி நடந்த திறப்பில் என் மகளின் பெட்டிக்குள் மொழி ஆசிரியரின் மைக்கூடு இருந்தது என்று உங்கள் கையெழுத்தோடு அறிவிப்பு வந்தது. ‘முதல் எச்சரிக்கை’ என்று எழுதி, சிவப்பு மையில் அடிக்கோடும் போட்டிருக்கிறீர்கள். அடிக்கோடு இல்லாமலே எனக்குப் படிக்கத் தெரியும்.

என் மகள் எடுக்கவில்லை. அவளுக்கு மை என்றாலே ஆகாது, விரலில் ஒட்டும் என்று பென்சிலைத்தான் பிடிப்பாள். மைக்கூட்டை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்யப்போகிறாள்?

உங்கள் விதி எனக்குத் தெரியும். மாதாமாதம் முதல் தேதி பள்ளி கூடியிருக்கும்போது எல்லாப் பெட்டிகளையும் திறப்பீர்கள். ஒரே பெட்டியில் மூன்று தடவை அடுத்தவர் பொருள் இருந்தால் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடுவீர்கள். அனுப்பும் முன் அதன் கையைப் பூட்டிவிடுவீர்கள். பூட்டிய கையில் ஒரு விளக்குத் திரிகூட அதற்கப்புறம் தானாக எரியாது. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்பது உங்களுக்குத் தெரியும். இருபத்துநான்கு வருஷத்துக்கு முன்னால் என் கையைப் பூட்டினார்கள். அப்போது மூன்று வரை காத்திருக்கிற தயவெல்லாம் கிடையாது, ஒரு தடவையே போதும். இதே பெட்டிதான். வைத்திருந்ததும் இதே மூன்றாவது வரிசையில்தான்.

அந்தப் பெட்டியை இவளுக்குக் கொடுக்க எனக்கு இஷ்டமே இல்லை. பள்ளிக்குள் ஒருமுறை வந்துபோன பெட்டி வீட்டில் இருந்தால் அதையேதான் கொண்டுவர வேண்டும் என்று விதி வைத்திருப்பவர்கள் நீங்கள்.

நான் நகரப் பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகர். பதினோரு வருஷமாக அடுத்தவர் முகத்தைப் பார்த்துச் சம்பாதிக்கிறேன். ஆகவே கேட்கிறேன்: அந்த அறைக்குள் யார் யார் போகிறார்கள்? பதில் எழுத்தில் வேண்டும்.

இப்படிக்கு,
மாணவியின் அம்மா

•

செப்டம்பர் 9

தங்கச்சிக்கு,

கவரின் மேல் ‘பொறுப்பாளர் அவர்களுக்கு’ என்று இருந்ததால் யாரோ ஒரு பெற்றோர் என்று பிரித்தேன். உள்ளே பார்த்தால் உன் கோணல் எழுத்து. அப்பாவின் சாவு வீட்டில் அத்தனை பேர் முன்னால் என்னைத் திருடி என்று சொல்லிவிட்டுப் போனவள், ஏழு வருஷம் கழித்து ‘நீங்கள்’ போட்டு எழுதுகிறாய். சரி, பொறுப்பாளராகவே பதில் சொல்கிறேன்.

அறைக்குள் பிள்ளைகள் போவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அன்று நான் கூடவே நிற்பேன். மற்ற ஆறு நாளும் சாவி தலைமையாசிரியையின் மேஜையில் இருக்கும். மொத்தம் நூற்று நாற்பத்திரண்டு பெட்டிகள். அவற்றுக்கு எண்ணெய் போடுவது, அந்துருண்டை வைப்பது, ஈரம் பட்ட இடத்தைத் துடைப்பது, எல்லாம் என் வேலை. ஒவ்வொரு பெட்டியும் அதை வைத்திருக்கும் குடும்பத்தாரின் கை பட்டால்தான் திறக்கும். வேறு யார் தொட்டாலும் திறக்காது. ஆகவே உன் கேள்விக்குப் பதில் உன் வீட்டிலேயே இருக்கிறது. உன் பெண்ணைக் கேள்.

மைக்கூடு ஒன்றும் சாதாரணமானதில்லை. அடர்நீலக் கண்ணாடி, அடியில் ஒரே ஒரு காற்றுக்குமிழி உறைந்து நிற்கும். காலையில் ஆசிரியரின் ஜன்னல் பக்கம் போனால் மேஜை முழுக்க நீல வெளிச்சம் விழுந்திருக்கும். எந்தப் பிள்ளைக்கும் கை நீளத்தான் செய்யும்.

இன்னொன்று. சேரும் நாளில் ஒவ்வொரு பிள்ளையும் பெட்டிமேல் உட்கார்ந்து முதல் சொல் சொல்வது உனக்கு நினைவிருக்கும். பெட்டி ஆயுசு முழுக்கக் கேட்டு நடக்க வேண்டிய ஒரே ஒரு கட்டளை. ஏற்றுக்கொண்டால் தாழ்ப்பாள் ஒரு தட்டுத் தட்டும். உன் வாண்டு "என் பெட்டிய நான் சொல்லாம யாரும் தொடக்கூடாது" என்று ஜம்பமாகச் சொன்னாள். தாழ்ப்பாள் தட்டவேயில்லை. எண்ணெய் காட்டாமல் துருவோடு அனுப்பியிருக்கிறாய். பிள்ளையை அனுப்புகிறவர்கள் இதையெல்லாம் கவனிக்க வேண்டும்.

அக்கா

•

அக்டோபர் 3

அக்காவுக்கு,

இரண்டாவது அறிவிப்பும் வந்துவிட்டது. மருத்துவ அறையில் வேலை பார்க்கும் பெண்மணியின் கம்பளிச் சால்வை, மஞ்சள் கரை போட்டது, என் மகளின் துணிகளுக்கு நடுவில் மடித்து வைத்திருந்ததாம்.

என் வேலையில் ஒன்று கற்றுக்கொண்டேன். டிக்கெட் எடுக்காதவனைப் பிடிக்க வேண்டுமானால், எங்கே போகிறான் என்று பார்த்தால் போதும். எவனும் தனக்கு வேண்டாத ஊருக்குத் திருட்டுத்தனமாகப் போவதில்லை. பதினோரு வயதுப் பெண்ணுக்குச் சால்வை எதற்கு? வீட்டில் போர்வையையே உதைத்துத் தள்ளுகிறவள் அவள். சால்வை முழங்காலில் வலி எடுக்கிற வயதுக்காரர்களுக்கு வேண்டியது.

அன்றைக்கு என் பெட்டியில் கிடைத்தது தலைமையாசிரியை மகளின் சிவப்பு ஷூ. அது என் காலுக்கு இரண்டு விரல் பெரிது. போட்டுக் காட்டுகிறேன், பாருங்கள், கழன்று விழுகிறது என்று அழுதேன். யாரும் பார்க்கவில்லை. உனக்கு அப்போது பதின்மூன்று வயது. உன் கால் என் காலைவிட இரண்டு விரல் பெரிதாக இருந்தது.

குடும்பத்தாரின் கைக்குத்தான் திறக்கும் என்று எழுதியிருக்கிறாய். ரொம்ப சரி. நீயும் அதே குடும்பம்தானே? எனக்கு முன்னால் இரண்டு வருஷம் அந்தப் பெட்டியை வைத்திருந்தவளே நீதான். உனக்குப் பரிசாகப் புதுப் பெட்டி கிடைத்த பிறகுதான் பழையது எனக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை நூற்று நாற்பத்திரண்டு பிள்ளைகள் மூடி திறக்கிற சந்தடியில் நீ எதை எங்கே வைக்கிறாய் என்று யார் பார்க்கப்போகிறார்கள்?

என்மேல் உனக்கு என்ன கோபம் இருந்தாலும் என்னோடு தீர்த்துக்கொள். பிள்ளையை விட்டுவிடு. அவளுக்கு இப்போதே கை வெதுவெதுவென்று இருக்கிறதாம். எழுதும்போது பென்சில் தானாகச் சூடாகிறதாம். அதை எழுதியிருந்த காகிதத்தை என் வீட்டுக்காரர் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறார்.

தங்கச்சி

•

அக்டோபர் 8

தங்கச்சிக்கு,

படித்ததும் கிழித்துப் போட நினைத்தேன். பதில் எழுதாமல் விட்டால் அதற்கும் ஓர் அர்த்தம் கண்டுபிடிப்பாய். டிக்கெட் எடுத்தவனையும் ஏற இறங்கப் பார்க்கிற வேலை உனக்கு. வீட்டுக்கு வந்த பிறகாவது அந்தப் பார்வையைக் கழற்றி வைக்கக்கூடாதா?

நான் எதையும் எடுத்து எதற்குள்ளும் வைக்கவில்லை. யார் தலைமேல் வேண்டுமானாலும் அடித்துச் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை நான் வாசலைவிட்டு நகர்வதே கிடையாது.

உன் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தேன். அதட்டவில்லை. தரையில் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டுதான் கேட்டேன்.

"சால்வைய எங்க பாத்த?"

"மருத்துவ அறையில."

"அங்க எதுக்குப் போன?"

"நீங்கதான் பெரியம்மா கூட்டிட்டுப் போனீங்க, முட்டிக்குத் தைலம் வாங்க. அப்ப அந்தச் சால்வையத் தொட்டுப் பாத்து, நல்லா இருக்குல்லன்னு என்கிட்ட கேட்டீங்க."

"நீ என்ன சொன்ன?"

"நல்லாத்தான் இருக்குன்னேன். எனக்கு வேணும்னு சொல்லல."

பார்த்தாயா? அவள் வாயாலேயே சொல்லிவிட்டாள். சால்வையைப் பார்த்திருக்கிறாள், நல்லாயிருக்கு என்றும் சொல்லியிருக்கிறாள். இதை நான் இன்னும் தலைமையாசிரியையிடம் சொல்லவில்லை என்பதற்கு நீ எனக்கு நன்றிதான் சொல்ல வேண்டும்.

சிவப்பு ஷூ கதையை இனிமேல் எழுதாதே. கால் அளவெல்லாம் எனக்கு நினைவில்லை.

அக்கா

•

அக்டோபர் 13

அக்கா,

நீ எழுதியதை இரண்டு நாள் பையிலேயே வைத்திருந்தேன். பேருந்தில் ஆள் இறங்கி ஏறும் இடைவெளியில் எடுத்து எடுத்துப் படித்தேன். பக்கத்தில் நின்ற கண்டக்டர், "என்ன மேடம், கோர்ட்டு நோட்டீஸா?" என்று கேட்டுவிட்டான்.

நீ உன் கையால் வைத்தாய் என்று எழுதினேன். அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். நீ வைக்கவில்லை. ஆனால் அதைவிட மோசமான ஒன்று எனக்குத் தோன்றுகிறது.

மைக்கூட்டைப் பற்றி எழுதியபோது நான் கேட்டது, யார் உள்ளே போகிறார்கள் என்று மட்டும்தான். நீ அதன் நிறம், குமிழி, வெளிச்சம் எல்லாம் எழுதியிருக்கிறாய். சால்வையைத் தொட்டுப் பார்த்தது நீ. வாண்டுவிடம் ஆசையாகக் காட்டியதும் நீ. அந்த இரண்டு பொருளுக்கும் என் மகள் ஆசைப்பட்டதாகத் தெரியவில்லை. ஆசைப்பட்ட ஒரே ஆள் நீதான்.

பெட்டி வாண்டுவுக்குத் தட்டவில்லை என்று துருவைக் குறை சொன்னாய். எனக்கும் அது தட்டவில்லை, அக்கா. சேர்ந்த நாளில் அதன்மேல் உட்கார்ந்து என் முதல் சொல்லைச் சொன்னேன். சுற்றிலும் ஒரே கூச்சல், அதனால் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். வெளியே அனுப்பிய பிறகு அது தகரப் பெட்டி, அவ்வளவுதான். பரண்மேல் தூக்கிப் போட்டேன்.

ஒரு பெட்டி ஒருவர் சொல்லைத்தான் கேட்கும். கைமாற வேண்டுமானால் பழைய சொந்தக்காரர் அதன்மேல் உட்கார்ந்து, பள்ளிக்கூடமே கேட்கும்படி தன் முதல் சொல்லைத் திரும்பச் சொல்லி, ‘விட்டேன்’ என்று முடிக்க வேண்டும். நீ எனக்குக் கொடுத்தபோது ‘விட்டேன்’ சொன்னாயா? பதினோரு வயதில் அந்தப் பெட்டியிடம் நீ சொன்ன முதல் சொல் என்ன?

பதிவேடு உன்னிடம்தான் இருக்கிறது. அந்தப் பக்கத்தைப் பார்த்து, இருப்பதை இருக்கிறபடி எழுது. நவம்பர் முதல் தேதிக்கு இன்னும் பத்தொன்பது நாள்தான் இருக்கிறது.

தங்கச்சி

•

அக்டோபர் 17

தங்கச்சிக்கு,

கேட்டாய், பார்த்தேன். பதிவேட்டில் இருப்பது இது: ‘எண் 61. முதல் சொல்: துணி கசங்காமல் வை. இரண்டு வருஷம் கழித்து, தங்கைக்கு மாற்றப்பட்டது. சபை முன் விடப்பட்டது.’ அப்போது இருந்த பொறுப்பாளரின் கையெழுத்து கீழே இருக்கிறது. சந்தேகம் இருந்தால் பக்கத்தைப் படியெடுத்து அனுப்புகிறேன்.

இதற்குமேல் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது. ஓர் உதவி மட்டும் செய்ய முடியும். முதல் தேதிக்கு முன்னால் பெற்றோரே வந்து பிள்ளையை அழைத்துக்கொண்டு போய்விட்டால் கையைப் பூட்ட மாட்டார்கள். வீட்டில் ஏதோ காரணம் என்று எழுதிக் கொடுத்தால் போதும். வாண்டுவை வந்து கூட்டிக்கொண்டு போ. வேறு ஊரில் வேறு பள்ளி பார்த்துக்கொள்ளலாம். புதுப் பெட்டியாக வாங்கிக் கொடு.

நல்லதுக்குத்தான் சொல்கிறேன். பிடிவாதம் பிடிக்காதே.

அக்கா

•

அக்டோபர் 22

அக்கா,

நாங்கள் நாலு பேர் சீருடையில் நிறுத்தத்தில் நிற்பதைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, ஒரு நிறுத்தம் முன்னாலேயே அவசரமாக இறங்கி நடக்கிற ஆட்கள் உண்டு. அவர்களை நான் ஓடிப்போய்ப் பிடிப்பதில்லை. இறங்கின விதத்திலேயே விஷயம் தெரிந்துவிடும். என் மகளை ஒரு நிறுத்தம் முன்னால் இறக்கிவிடச் சொல்கிறாய். தப்பு செய்யாத பிள்ளை எதற்கு இறங்க வேண்டும்? இறங்கினால் காலத்துக்கும் அவள் பெயர் என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். அப்பா கடைசி வரைக்கும், நான் வீட்டுக்கு வந்துபோன பிறகு அலமாரியைத் திறந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார். நான் வாசல் தாண்டுவதற்குள் அந்தக் கதவு கிரீச்சென்று சத்தம் போடும். உனக்கு அந்தச் சத்தம் தெரியாது.

உன் பதிவேட்டுப் பக்கம் சுத்தமாக இருக்கிறது. சில டிக்கெட்டும் அப்படித்தான். தேதி சரி, எண் சரி, ஏறிய இடம் மட்டும் பொய். ‘துணி கசங்காமல் வை’ என்றா சொன்னாய்? நான் அந்தப் பெட்டியை வைத்திருந்த மாதத்தில் ஒரு சட்டைகூட கசங்காமல் வெளியே வந்ததில்லை. நேற்று பார்வையாளர் நாளில் வாண்டுவைப் பார்த்தேன். அவள் போட்டிருந்த சட்டையை மாடு மென்றுவிட்டுத் துப்பியிருந்தது என்று சொன்னால் நம்புவார்கள்.

அவளிடம் நான் எதுவும் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

"அம்மா, போன ஞாயித்துக்கிழமை எல்லாரும் போன பிறகு பெரியம்மா என்னைய இருக்கச் சொன்னாங்க. என் பெட்டிமேல அவங்க உக்காந்தாங்க."

"உக்காந்து?"

"வாயி மட்டும் அசைஞ்சுது. சத்தமே வரல. உடனே தாழ்ப்பாள் தட்டுச்சு. ரெண்டு வாட்டி. எனக்கு ஒரு வாட்டிகூட தட்டுனதில்லம்மா. அந்தப் பெட்டி பெரியம்மாவோடதா?"

"அப்புறம்?"

"எந்திரிச்சு என் தலைய தடவுனாங்க. கை ஐஸா இருந்துச்சு."

உனக்குத் தெரியும். எப்போதிலிருந்து தெரியும் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

நான் வாண்டுவைக் கூட்டிக்கொண்டு வரமாட்டேன். அவள் அங்கேயே இருப்பாள். முதல் தேதி பெட்டியும் திறக்கும். அன்றைக்கு என்ன நடக்க வேண்டும் என்று நீ முடிவு செய்துகொள்.

தங்கச்சி

•

அக்டோபர் 27

தங்கச்சிக்கு,

இதோடு நான்கு காகிதம் கிழித்துவிட்டேன். ஐந்தாவதில் எழுதுகிறேன். எப்படி வருகிறதோ அப்படியே அனுப்பிவிடுவேன்.

சேர்ந்த நாளில் வரிசையில் என் முறை வந்தபோது எனக்கு முன்னால் இருந்த பிள்ளைகள் எல்லாம் ‘நனையாமல் பார்த்துக்கொள்’, ‘தொலையாமல் வா’ என்று சொன்னார்கள். அந்தப் பிள்ளைகளிடம் நனைவதற்கும் தொலைவதற்கும் ஏதாவது இருந்தது. என்னிடம் இரண்டு சட்டையும் ஒரு சீப்பும்தான். எழுத்தரிடம் துணி கசங்காமல் என்று உரக்கச் சொன்னேன், அவர் எழுதிக்கொண்டார். பெட்டியிடம் குனிந்து வேறு சொன்னேன். "எனக்குப் பிடிச்சத எல்லாம் கொண்டாந்து வச்சிரு" என்று. அது உடனே தட்டியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

முதலில் சின்னச் சின்னதாக வந்தது. ஒரு ரிப்பன், ஒரு கூழாங்கல், யாருடையதோ கண்ணாடி வளையல். திறப்பு நாளுக்கு முன்னால் எல்லாவற்றையும் எடுத்து, கிடைத்தது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவேன். நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கினேன். புதுப் பெட்டி பரிசாகக் கிடைத்ததே அதனால்தான். தொலைந்ததைக் கண்டுபிடித்துக் கொடுக்கும் நேர்மைக்காக என்று பத்திரத்தில் எழுதியிருந்தார்கள்.

உனக்கு மாற்றிக் கொடுக்க வேண்டிய நாள் வந்தது. ‘விட்டேன்’ சொல்ல வேண்டுமானால் முதல் சொல்லை உரக்கச் சொல்ல வேண்டும். அத்தனை பேர் முன்னால், அந்தப் பரிசை வாங்கின வாரத்திலேயே, அதை எப்படிச் சொல்வேன்? ரிப்பனுக்குச் சொந்தக்காரி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வாயை மட்டும் அசைத்தேன். பொறுப்பாளருக்குக் காது மந்தம். அவர் விடப்பட்டது என்று எழுதிவிட்டார். நீ சிரித்துக்கொண்டே வந்து பெட்டிமேல் உட்கார்ந்தாய்.

எனக்கு அந்தச் சிவப்பு ஷூ பிடித்திருந்தது. அந்த வாரம் முழுக்க அதைத் தவிர வேறு நினைப்பே இல்லை. உன் பெட்டியிலிருந்து அதை எடுத்துத் தூக்கிக் காட்டினார்களே, அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. எப்போதிலிருந்து என்று கேட்டாயே, அப்போதிலிருந்துதான். நீ ஷூவைக் காலில் மாட்டிக் காட்டினாய். கழன்று விழுந்ததை நான் பார்த்தேன். யாரும் பார்க்கவில்லை என்று எழுதியிருந்தாய். நான் பார்த்தேன்.

பேசியிருக்க வேண்டும். பயம். என் கையைப் பூட்டிவிடுவார்கள் என்று பயம். ஒரு நாள் கழித்துச் சொல்லலாம் என்று நினைத்தேன், அதற்குள் அப்பா வந்து உன்னை மழையில் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஒரு மாதம் கழித்துச் சொன்னால் ஏன் ஒரு மாதம் என்று கேட்பார்கள் என்று விட்டுவிட்டேன். அதற்கப்புறம் வருஷங்களாகிவிட்டன.

பெட்டி உன் பரண்மேல் இருந்தவரைக்கும் ஒன்றும் இல்லை. பள்ளிச் சுவருக்குள் வந்தால்தான் அதற்கு உயிர். ஆகஸ்டில் வாண்டு அதை இழுத்துக்கொண்டு வந்தபோது தட்டாததைக் கண்ணால் பார்த்தேன். அப்போதே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாமல் உனக்குத் துரு என்று எழுதினேன். என் அறையில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு கொக்கி, அவ்வளவுதான் இருக்கிறது. எதற்கும் ஆசைப்படாமல் இருக்கப் பழகிவிட்டேன் என்று உண்மையாகவே நம்பினேன். அப்புறம் ஒரு நாள் அந்த நீல வெளிச்சத்தைப் பார்த்தேன். குளிர் வந்தது, சால்வையைத் தொட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெட்டியிடம் ரகசியமாக ‘விட்டேன்’ என்று சொல்லிப் பார்த்தேன். ‘கேட்டது’ என்று ஒரு தட்டு. ‘முடியாது’ என்று இன்னொரு தட்டு. சபையில் உரக்கச் சொன்னால்தான் விடும். இப்போது சாவி தலைமையாசிரியையிடம் இருக்கிறது. உள்ளே என்ன வந்திருக்கிறதோ, எனக்குத் தெரியாது.

வாண்டுவைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னது அவளைக் காப்பாற்ற இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அக்கா

•

நவம்பர் 1

தங்கச்சிக்கு,

அறுபதாம் எண் வரை திறந்தார்கள். வாண்டு முன்னால் வந்து பெட்டிமேல் கை வைக்கப் போனாள். நான் அவளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அதன்மேல் உட்கார்ந்தேன். சொன்னேன். முதல் சொல்லையும் சொன்னேன், ஷூவையும் சொன்னேன், உன் பெயரையும் சொன்னேன். பின் வரிசைக்குக் கேட்கவில்லை என்று தலைமையாசிரியை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். ‘விட்டேன்’ என்றதும் பெட்டி அப்படியே ஆடி அடங்கியது.

பிறகு வாண்டு திறந்தாள். உள்ளே அவள் துணி மட்டும்தான் இருந்தது. அடுத்தவர் பொருள் ஒன்றுகூட இல்லை. இந்த மாதம் எனக்கு எதுவும் பிடிக்கவில்லை போலிருக்கிறது.

இரண்டு எச்சரிக்கையையும் அடித்துவிட்டார்கள். வாண்டு திரும்ப உட்கார்ந்து அவள் சொல்லைச் சொன்னாள். பெட்டி தட்டிய சத்தம் கூடத்தின் கடைசி வரைக்கும் கேட்டது.

என்னை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். மத்தியானம் கையைப் பூட்டினார்கள். இவ்வளவு வலிக்கும் என்று நீ யாரிடமும் சொன்னதே இல்லையே. இடது கையால் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

ஐந்து நாளில் அறையைக் காலி செய்ய வேண்டும். எங்கே போவேன் என்று இன்னும் யோசிக்கவில்லை.

அக்கா

•

நவம்பர் 4

அக்கா,

வலி மூன்றாம் நாள் நின்றுவிடும். அதற்கப்புறம் குளிர்தான். துணியைச் சுற்றி வைத்துக்கொள், வெந்நீரில் மட்டும் முக்காதே, தோல் உரிந்துவிடும். எனக்கு யாரும் சொல்லவில்லை, முக்கிவிட்டேன்.

பள்ளியிலிருந்து எனக்கும் கடிதம் வந்தது. என் பெயரில் இருந்த குற்றத்தை நீக்கிவிட்டார்களாம், வருந்துகிறார்களாம். இருபத்துநான்கு வருஷம் பூட்டிக் கிடந்த கையைத் திறக்க இப்போது வழியில்லையாம். படித்துவிட்டு வேலைக்குப் போனேன். அன்றைக்கு ஒருத்தன் பழைய டிக்கெட்டைக் காட்டினான். பிடிக்காமல் விட்டுவிட்டேன். கண்டக்டர் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தான்.

சாயந்திரம் அப்பாவின் படத்துக்கு முன்னால் நின்று அந்தக் கடிதத்தை உரக்கப் படித்தேன். பைத்தியம் மாதிரிதான் இருந்தது. ஆனாலும் படித்தேன்.

வாண்டுவும் எழுதியிருக்கிறாள். பெட்டியைத் திறப்பதற்கு முன்னாலேயே நீ சொல்லிவிட்டாய் என்று எழுதியிருக்கிறாள். திறந்து பார்த்துவிட்டு, அடுத்தவர் பொருள் இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நீ அப்படிச் செய்யவில்லை. அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எண்ணவில்லை.

இங்கே வா. ஜன்னல் ஓரம் கட்டில் போட்டிருக்கிறோம். என் வீட்டுக்காரர் நேற்றே மெத்தையை வெயிலில் வைத்துவிட்டார். உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வராதே. எனக்கு இன்னும் அது வரவில்லை, வருமா என்றும் தெரியாது. உனக்குப் போக இடமில்லை, எனக்கு அக்கா என்று வேறு யாரும் இல்லை. அதனால் வா.

ஒன்று மட்டும் உன்னிடம் கேட்க வேண்டும். கடிதத்தில் பதில் எழுதாதே. கடிதத்தில் நீ நன்றாக எழுதுகிறாய், அதனால் நம்ப முடியவில்லை. எதிரில் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும்.

முதல் தேதி வரிசையில் நின்றது வாண்டு. நானாக இருந்திருந்தால், அக்கா, நீ எழுந்து வந்திருப்பாயா?

தங்கச்சி